கிராணி கேட்ட மெட்டு

ஈப்போவில் ஒரு சீன முதலாளி நடத்திய பேண்டில் நான் கிளாரினெட் ஊதினேன். வெள்ளைச் சட்டை, பித்தளைப் பொத்தான், நெற்றியை மறைக்கும் தொப்பி. சவ ஊர்வலங்களில் எங்கள் வரிசைக்குப் பக்கத்திலேயே இரண்டு கிழச் சீனர்கள் தங்கள் நாட்டுக் குழலை ஊதி வருவார்கள். அது நம் நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி இருக்கும். வெள்ளைக்காரன் வாத்தியத்துக்கும் அதற்கும் சுருதி சேரவே சேராது. சீனரான எங்கள் பேண்டு மாஸ்டர் மாதக்கணக்கில் எங்களை வறுத்தெடுத்து, அவர்களுடைய ஒப்பாரி மெட்டு ஒன்றை ராணுவ நடைக்குள் உட்கார வைத்தார். உதட்டை இளக்கி நான் அந்தக் குழலோடு இழைந்த நாளில் எனக்கே உடம்பு சிலிர்த்தது.

சீனர் வீட்டுச் சாவுக்குப் பேண்டு போனால் செத்தவருக்குப் பெரிய மரியாதை. நம்மவர்களிடமோ சாவுக்கு வாசிப்பவன் யார் என்று பிறப்பிலேயே தீர்மானமாகிவிடும். வெள்ளைச் சட்டை என்னைக் காப்பாற்றும் என்று நினைத்தேன், மடையன்.

அப்போது கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகளை எனக்குப் பேசித் தாம்பூலம் மாற்றியிருந்தார்கள். "மாப்பிள்ளை இங்கிலீஸ் பேண்டுல இருக்காருலா" என்று கிராணி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். கூறைப் புடவை எடுக்க மகளோடு ஈப்போவுக்கு வந்தவர், கடைவாசலில் ஒரு சவ ஊர்வலத்துக்கு வழிவிட்டு நின்றார். பெட்டிக்கு முன்னால் ஊதிக்கொண்டு நான் வந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்காகவே அந்த மெட்டை இன்னும் இழைத்து ஊதினேன்.

மறுநாளே தாம்பூலம் திரும்பி வந்தது.

"சாவுக்கு ஊதுறவனுக்கா எம் பொண்ணு? அதுக்கு அவ சும்மாவே இருக்கட்டும்" என்றாராம்.

சும்மா இருக்கவில்லை. அடுத்த வருஷமே வேறு தோட்டத்துக் கிராணி ஒருவனுக்கும் அவளுக்கும் கல்யாணம். வெள்ளைக்காரத் துரை வருகிறார், ஊர்வலத்துக்கு இங்கிலீஸ் பேண்டு வேண்டும் என்று எங்கள் பேண்டையே அமர்த்தினார்கள். அதே வாத்தியம், அதே ஆட்கள். கல்யாண வாசலுக்கு வந்ததும் எல்லாம் அந்தஸ்தாகிவிட்டது. வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வயிறு எரிந்தது, போனேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் திறந்த மோட்டாரில் வந்தார்கள். பாதி வழியில் நான் அந்த ஒப்பாரி மெட்டை எடுத்தேன். மற்றவர்கள் திகைத்தாலும், துள்ளும் நடையில் போட்டதால் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள். துரை கை தட்டினார். அவள் அப்பா கிராணிக்குத் தலைகால் புரியவில்லை. தொப்பிக்குக் கீழே இருந்த முகத்தை அவர் ஏன் பார்க்கப்போகிறார்?

"நல்லாருக்குலா தம்பி! இன்னொரு தரம் ஊதுங்க!"

ஜெயித்துவிட்டேன் என்று திரும்பினேன். மோட்டாரில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சவப்பெட்டிக்கு முன்னால் அன்று கேட்ட மெட்டு அவளுக்கு மறக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

"பொறந்த வீட்ட விட்டுப் போறால்ல, அழத்தான் செய்வா" என்றாள் என் பக்கத்தில் நடந்து வந்த பெண்.

கிராணி கேட்டபடி இன்னொரு தரம் ஊதினேன்.