இணைப்பு அக்காவும் நாலாவது மனுவும்

என் அக்காவின் பெயரை அவள் அலுவலகத்தில் யாரும் சொல்வதில்லை. எல்லாருக்கும் அவள் இணைப்பு அக்கா. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் மனு வாங்கும் மேசை அவளுடையது. பத்தொன்பது வருடத்தில் மூன்று உறுப்பினர்கள் மாறியிருக்கிறார்கள். மேசை மாறவில்லை. மேசைக்கு மேலே சுவரில் அவள் கையால் எழுதி ஒட்டிய தாளும் மாறவில்லை: 'இணைப்பு இல்லாத மனு ஏற்கப்படாது.'

சுவர் இடிந்தது என்றால் படம் வேண்டும். நாய் கடித்தது என்றால் மருத்துவர் சீட்டு வேண்டும். அரசாங்க ஏட்டில் செத்துப்போன ஒரு முதியவர், தான் உயிரோடுதான் இருப்பதாக மனு கொண்டுவந்தார். "அதுக்கு என்ன ஆதாரம்?" என்று அவரிடமே கேட்டவள் இவள். அவர் பாவம், இருமிக் காட்டினார். "இருமல் செல்லாதுங்க ஐயா" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

இப்போதைய உறுப்பினர் அரசியலுக்கு வருமுன் செருப்புக்கடை வைத்திருந்தவர். சட்டமன்றத்தில் குழுக்களைப் பங்கு பிரித்த அன்று அவர் வண்டி பஞ்சர். முந்திக்கொண்டவர்கள் சாலையையும் குடிநீரையும் அள்ளிக்கொண்டு போக, பந்திக்குப் பிந்தியவருக்கு மிஞ்சியது படை, முன்னாள் படைவீரர், பொதுப் பாதுகாப்புக் குழுவின் தலைமை. துப்பாக்கியை அவர் அதுவரை பொம்மைக் கடையில் மட்டுமே பார்த்திருந்தார். ஆனால் பதவி வந்த மறுநாளே சல்யூட் வந்துவிட்டது. சீருடை எதைக் கண்டாலும் கை தானாக எழும்பும். தபால்காரர் இரண்டு தடவை வாங்கியிருக்கிறார். முதுகுக்குப் பின்னால் உறுப்பினரின் பெயரே சல்யூட்தான்.

கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. முன்னாள் வீரர் யார் வந்தாலும் எழுந்து நிற்பார். நின்றபடியே, "அக்காகிட்ட ஒரு மனு குடுத்துட்டுப் போங்க" என்பார். அத்தோடு நாட்டுக்கான அவர் கடமை முடிந்துவிடும்.

அப்படி அக்காவின் மேசைக்கு வந்து சேர்ந்தவர்தான் கரண்டி. படையில் இருபத்திரண்டு வருடம் சமையல்காரர். அவரோடு ஓய்வு பெற்ற பன்னிரண்டு பேருக்கு அரசாங்கம் நன்றிக்கடனாக நிலம் கொடுத்திருந்தது. நன்றி என்னவோ பெரிய நன்றிதான். நிலம்தான், படை முன்னொரு காலத்தில் குண்டு போட்டுப் பழகிய திடலின் ஓரத்தில் இருந்தது. மண்வெட்டி போட்டால் மண்ணோடு இரும்பும் வந்தது. கரண்டியின் மருமகனோ அவசரக்காரன். மழைக்கு முன்னால் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியே தீருவேன் என்று கடப்பாரையை வாங்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"நிலத்துல குண்டு கெடக்குக்கா. யாராவது வந்து எடுத்துக் குடுத்தாப் போதும்" என்றார் கரண்டி.

"இணைப்பு எங்கண்ணே?"

அவளுக்கு அவர் அண்ணன், அவருக்கு அவள் அக்கா. யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை.

இரண்டாம் தடவை அவர் ஒரு படத்தோடு வந்தார். படத்தில் பாதிக்கு அவருடைய கட்டைவிரல். மீதியில் மண்ணும், மண்ணுக்குள் கருப்பாக ஏதோ ஒன்றும்.

"என்னண்ணே இது, கத்திரிக்காயா?"

மூன்றாம் தடவை பன்னிரண்டு பேரின் கையெழுத்தோடு வந்தார். அது சரி என்று அக்கா வாங்கி உள்ளே அனுப்ப, சல்யூட் கையெழுத்துப் போட, மனு படைத்தலைமைக்குப் போனது. ஒரு மாதத்தில் பதில் வந்தது. 'மேற்படி திடல் ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே முழுமையாகச் சுத்தம் செய்யப்பட்டது. வெடிக்கக்கூடிய பொருள் எதுவும் அங்கு இல்லை.' கீழே ஒரு மேஜரின் கையெழுத்து, வட்ட முத்திரை, இணைப்பாக இரண்டு வரைபடம். அக்கா உருகிப்போனாள். பத்தொன்பது வருடத்தில் அவ்வளவு லட்சணமான கடிதத்தை அவள் பார்த்ததில்லை.

"பாருங்கண்ணே, மேஜர் வரைபடமே வச்சிருக்காரு. உங்ககிட்ட என்ன இருக்கு?"

"குண்டு இருக்குக்கா."

"அப்ப அதைக் கொண்டு வாங்க."

பேச்சை முடிக்க நாம் எல்லாரும் சொல்வதுதான். ஆனால் கரண்டி இருபத்திரண்டு வருடம் படையில் இருந்தவர். படையில் 'கொண்டு வா' என்றால் கொண்டு வர வேண்டும்.

திங்கட்கிழமை காலை அவர் பேருந்தில் வந்து இறங்கினார். நாலாவது மனு சட்டைப்பையில் இருந்தது. இணைப்பு, துண்டில் சுற்றித் துணிப்பைக்குள் இருந்தது. மேசைமேல் வைத்தபோது பேனாக்கள் குதித்தன. வால் முளைத்த பெரிய சுரைக்காய் போல, துருப்பிடித்து இருந்தது.

"வெடிக்காதுல்ல?" என்றாள் அக்கா.

"என்னைக் கேட்டா? நான் சமையல்காரன்க்கா. சோறு வேகலைன்னா சொல்லுவேன்."

அக்கா மேஜரின் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தாள். வெடிக்கக்கூடிய பொருள் எதுவும் அங்கு இல்லை. அங்கிருந்து வந்தது இது. ஆகவே இது வெடிக்காது. முத்திரை போட்ட தாளுக்கும் துருப்பிடித்த இரும்புக்கும் நடந்த போட்டியில் தாள் ஜெயித்தது. அவள் ஓர் அட்டையில் எண் போட்டு, 'பெறப்பட்டது' முத்திரை குத்தி, குண்டின் வாலில் நூலால் கட்டினாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததால், மனுக்கள் பறக்காமலிருக்க அதை அவற்றின் மேலேயே வைத்தாள்.

இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது. கூட்டிப் பெருக்குபவர் அதைத் துடைத்துக்கூட வைத்திருக்கிறார்.

புதன்கிழமை குறைகேட்புக் கூட்டம். மேஜரே நேரில் வந்தார். அவருக்கு சல்யூட் அடித்த சல்யூட்டில் உறுப்பினரின் கண்ணாடி கழன்று விழுந்தது. வராந்தாவில் கரண்டியும் மருமகனும் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். 'இன்னைக்கு இல்லைன்னு சொன்னா நாளைக்கே தோண்டுறேன் மாமா' என்று மருமகன் காலையிலேயே சொல்லியிருந்தான்.

"அது முடிஞ்சுபோன விஷயம் சார்" என்றார் மேஜர். "அங்க ஒரு ஆணிகூடக் கிடையாது."

"அப்ப மனுவை முடிச்சிடுங்கக்கா" என்றார் சல்யூட்.

"இணைப்பைப் பாக்காம எப்படி சார் முடிக்கிறது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்ற அக்கா, பக்கத்து அறைக்குப் போய், குண்டை இரண்டு கையாலும் தட்டு ஏந்துவதுபோல ஏந்தி வந்து மேஜருக்கு முன்னால் வைத்தாள். அட்டையை அவர் படிக்க வசதியாகத் திருப்பியும் வைத்தாள்.

மேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. மிக மெதுவான குரலில், "யாரும் ஓடாதீங்க" என்றார். சொல்லிவிட்டு முதலில் ஓடியவர் அவர்தான். அடுத்தது சல்யூட், ஒற்றைச் செருப்போடு. அக்கா கடைசி ஆள். மனுப் பதிவேட்டை எடுக்க இழுப்பறையைத் திறந்தவள், திறந்ததைப் பூட்டிவிட்டு வந்தாளாம்.

எதிர்ச்சாரிக் கடை வாசலில் எல்லாரும் நின்றார்கள். தெருவின் இரு முனையிலும் காவலர்கள் கயிறு கட்டினார்கள். மேஜர் தண்ணீரைப் பாதி குடித்தார், மீதி சட்டையில் போனது. அக்கா பதிவேட்டை அவர் முன்னால் விரித்தாள்.

"இணைப்பை உங்ககிட்ட ஒப்படைச்சாச்சு சார். என்ன பொருள்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"இப்பவா? இங்கயா?"

"ஆணிகூட இல்லைன்னீங்களே. பழைய இரும்புன்னு எழுதுங்க, நான் உள்ள போய் என் வேலையைப் பாக்குறேன்." சொன்னதோடு நில்லாமல் தெருவில் இரண்டு எட்டும் வைத்துவிட்டாள்.

"ஐயோ, போகாதீங்க!"

மேஜர் பேனாவை வாங்கினார். கரண்டியைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'வெடிக்கக்கூடிய குண்டு - ஒன்று.' கையெழுத்து, தேதி.

சல்யூட் ஒற்றைக் காலில் நின்றபடி அதை எட்டிப் படித்தார். பழக்கத்தில் எழுந்த கை பாதியிலேயே இறங்கிவிட்டது. "அந்தக் கடிதத்துல போட்டதும் இதே கையெழுத்துதானே சார்?" என்று மட்டும் கேட்டார். உள்ளே கிடந்த குண்டை அன்று மாலையே வல்லுநர்கள் வந்து எடுத்துப்போனார்கள். மறுவாரம் சல்யூட் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தைச் சட்டமன்றத்தில் தூக்கிப் பிடித்து வாசித்தார். அதன்பின் பத்து நாளில் வெடிகுண்டு அகற்றும் படை திடலோரம் கூடாரம் போட்டது.

அக்கா இதைத் தொலைபேசியில்தான் சொன்னாள். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு கத்துவதைத் தவிர வேறென்ன செய்ய? "உனக்கு அறிவிருக்கா? அதை ரெண்டு நாள் மேசையில வச்சிருந்தியே" என்று கத்தினேன். வழக்கமாகத் திருப்பித் திட்டுபவள், அன்று திட்டவில்லை.

"மேசை கெடக்கட்டும்டா. அவரு அதை மடியில வச்சிக்கிட்டு பஸ்ல வந்திருக்காரு. நாப்பது பேராவது இருந்திருப்பாங்க. கொண்டு வாங்கன்னு நான்தானேடா சொன்னேன்."

சுவர்த் தாளில் இப்போது ஒரு வரி கூடியிருக்கிறது: 'இணைப்பு தாளாக மட்டுமே இருக்க வேண்டும்.'

திடலோரம் மொத்தம் இருபத்துமூன்று குண்டு எடுத்தார்கள். அவற்றில் இரண்டு, மருமகன் கயிறு பிடித்து அளந்து வைத்திருந்த இடத்துக்கு நேர் கீழே. அவனுக்கு இப்போது கடப்பாரையைப் பார்த்தாலே வியர்க்கிறது என்கிறார் கரண்டி.

போன மாதம் அவர் ஐந்தாவது மனுவோடு வந்தார். குண்டு எடுத்தவர்கள் குழியை மூடாமல் போய்விட்டார்கள். மழை வந்தால் ஆள் உயரத் தண்ணீர் நிற்கும், பிள்ளைகள் விளையாடுகிற இடம்.

"இணைப்பு?" என்றாள் அக்கா, பழக்கதோஷம்.

"குழியை எப்படிக்கா பையில போட்டுக் கொண்டு வர்றது?"

அக்கா அவரைப் பார்த்தாள். பேனாவை மூடினாள். குடையை எடுத்துக்கொண்டு, "வாங்கண்ணே" என்று எழுந்துவிட்டாள். எல்லாரும் ஓடிய அந்தப் புதன்கிழமையை விட்டால், அலுவலக நேரத்தில் மேசை காலியாக இருந்தது அன்றைக்குத்தான் என்கிறார்கள். பதிவேட்டில் ஐந்தாவது மனுவுக்கு எதிரே, இணைப்பு என்ற கட்டத்தில், 'நானே போய்ப் பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறாளாம். அதைச் சொல்லிவிட்டு, தொலைபேசியை வைக்குமுன் சொன்னாள்:

"அவரு வர்ற அதே பஸ்ல போனேன்டா. எண்ணிப் பாத்தேன். நாப்பது இல்ல, அம்பத்திரண்டு பேரு."