மொட்டைமாடியில் பாதி வெள்ளை

மீமிசல் கடைத்தெருவில் பாசிலாவைத் தெரியாதவர்கள் இருந்தால், அவர்கள் துணியே தைத்துப் போடாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஹனீபா காம்ப்ளெக்ஸின் மேல்மாடியில் அவளுடைய தையல்கூடம். ஒன்றை மனதில் போட்டுக்கொண்டால், அது முடிகிற வரைக்கும் அவளும் தூங்கமாட்டாள், அடுத்தவரையும் தூங்க விடமாட்டாள்.

கட்டடத்துக்காரர் ஹனீபா வெகுகாலம் துபாயில் இருந்தவர். ஊர் திரும்பிய வேகத்தில், அங்கே பார்த்த மாதிரியே முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி பதித்தார். கடல் பக்கத்து ஜன்னல்கள் அத்தனையும் அதற்குப் பின்னால் போய்விட்டன. மேல்மாடி வெந்தது. ஃபேனைப் போட்டால் அனல்தான் சுற்றியது. பெருநாள் தையல் குவிந்து கிடக்கும்போது, கூடத்திலேயே கைதேர்ந்த தையல்காரி செவந்தி சொல்லிவிட்டாள்.

"வியாழக்கிழமையோட நின்னுக்கிறேன்க்கா. தலை சுத்துது."

அவள் போனால் மற்றப் பெண்களும் போய்விடுவார்கள். பிறகு கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான். பாசிலா கையிலிருந்த துணியை அப்படியே போட்டாள். ஹனீபாவிடம் ஓடினாள்.

"கண்ணாடியக் கழட்டுனா கடையோட லுக்கே போயிரும்மா" என்று அவர் பிடி கொடுக்கவில்லை.

விடுவாளா? வெயில் சூட்டைத் தளத்தில் இறங்க விடாத கூலிங் பெயின்ட் வாங்கிவந்து மொட்டைமாடியில் பாதிக்கு மட்டும் பளிச்சென்று வெள்ளை அடித்தாள். காய்ந்ததும், நல்ல உச்சிவெயிலில் அவரைக் கூட்டிவந்தாள்.

"புது பெயின்ட், அழுக்காயிரும். செருப்பைக் கழட்டிட்டு வாங்க மாமா."

வெறுங்காலோடு பழைய தளத்தில் இரண்டடி வைத்தார். அவ்வளவுதான்! "யா அல்லா!" என்று அலறி, கைலியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பக்கம் பாய்ந்தார். பாசிலாவுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவர் அங்கேயே நின்று குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சூட்டுக்குக் கீழதான் மாமா நாங்க ஒக்காந்திருக்கோம். இந்த பெயின்ட் பாதிதான் காப்பாத்தும். மீதிக்குக் காத்து வேணும்."

ஹனீபாவின் குரல் இறங்கியிருந்தது. "துபாய்ல நான் கண்ணாடி தொடைக்கிற வேலைம்மா. வெளிய தொங்கிக்கிட்டே தொடைப்பேன். உள்ள எப்படி இருக்கும்னு எனக்கென்ன தெரியும்?"

மறுநாளே ஆள் வந்தது. ஜன்னல்களை மறைத்த கண்ணாடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. துருப்பிடித்த கொக்கியைப் பாசிலாவே சுத்தியலால் தட்டி, முதல் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். அடடா, என்ன காற்று! கடற்காற்று மொத்தமும் உள்ளே புகுந்து, வெட்டிவைத்த ஜாக்கெட் துணிகளை வாரிக்கொண்டு போனது. பெண்கள் கூச்சல் போட்டுக்கொண்டு துரத்தினார்கள். தளத்தின் மீதிப் பாதிக்கு ஹனீபாவே பெயின்ட் வாங்கிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை வந்தது. சாயங்காலம் செவந்தி பையை எடுத்து மாட்டினாள். பாசிலாவுக்குக் கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

செவந்தி வாசலில் நின்று திரும்பினாள்.

"நாளைக்கு லீவுதானக்கா? சனிக்கிழமை வாரப்ப நாலு கல்லு எடுத்துட்டு வாரேன். துணிக்கு மேல வைக்க ஒண்ணுமில்ல, எல்லாம் பறக்குது."