வடக்குச் சுவரின் சின்னக் கதவு

எங்கள் ஊர்க் கோவிலின் வடக்குச் சுவரில் ஆள் உயரம்கூட இல்லாத ஒரு கதவு இருக்கிறது. மாமல்லபுரம் போகும் வழியில் வண்டியை நிறுத்துகிறவர்கள் முகப்பைத்தான் படம் எடுப்பார்கள்: கூர்முனை வளைவுகள், வண்ணக் கண்ணாடி, மணிக்கூண்டு. வெள்ளைக்காரச் சாமியார் வரைந்த கோவில். செங்கல் சுமந்ததும், கடல் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு அரைத்ததும் எங்கள் ஆட்கள். கோவில் சிலுவை வடிவத்தில் எழுந்தது. நிலம் வைத்திருந்த சாதியார் நடுவில் உட்கார்ந்தார்கள். சேரியிலிருந்து வந்த எங்களுக்குச் சிலுவையின் வடக்குக் கை, அதற்கென்று இந்தக் கதவு. அங்கிருந்து பீடம் பாதிதான் தெரியும்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, கல்யாணத்தன்று அந்தக் கதவைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. முன்வாசலில் ஏறி நடுக்கோவில் வழியாகவே பீடம் வரை நடந்தார். நடுவில் இருந்த சில குடும்பங்கள் பாதிப் பூசையில் எழுந்து போய்விட்டன. போனால் போகட்டும், இடம் தாராளமாயிற்று என்று அத்தை சொல்லிச் சிரிப்பார். அதன்பிறகு எங்கள் ஆட்கள் யாரும் வடக்கு வழியே போகவில்லை.

அதனால்தான், பல வருடம் கழித்துக் கோவிலைப் புதுப்பித்தபோது அவர் செய்தது பலருக்கும் விளங்கவில்லை. பழசைக் கிளறாமல் இருப்போம் என்று கோவிலை நிர்வகிக்கும் பங்குப் பேரவை அந்தக் கதவை அடைத்து, அங்கே மாதா சிலைக்குக் குகைபோல ஒரு கெபி கட்டத் தீர்மானித்திருந்தது. கொத்தனார் கலவை போட்ட காலையில் அத்தை ஒரு நாற்காலியை இழுத்து வந்து கதவு நடுவில் போட்டு உட்கார்ந்துவிட்டார். பங்குச் சாமியார் இளைஞர், நல்லவர். நீங்கள் வெறுத்த கதவுதானே அம்மா என்று கெஞ்சினார்.

“இப்பவும் வெறுக்கறேன் சாமி. அதுக்குன்னு மூடிட்டா, நாம எப்பவும் நடுவுலதான் ஒக்காந்துகினு இருந்தோம்னு எங்க பசங்க நெனச்சிக்கும். மாதாவுக்கு வேற எடம் பாருங்க. இல்லாங்காட்டி என்னியும் உள்ள வச்சிப் பூசிடுங்க.”

கலவை சட்டியிலேயே இறுகிப்போனது. கெபி வேப்பமரத்தடிக்குப் போனது. அன்று எனக்கு ஏறிய திமிர் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம்.

அத்தை இப்போது இல்லை. போன ஞாயிறு, சிறுசேரியில் என்னோடு வேலை செய்யும் நண்பனைக் கோவில் பார்க்க அழைத்துப் போனேன். வளைவுகளை அண்ணாந்து பார்த்து வியந்தான். பிறகு அந்தக் கதவைக் காட்டி, கடல் காற்றுக்காக வைத்திருப்பார்கள் போலிருக்கிறது என்றான்.

“காத்துக்கு இல்ல மச்சான். எங்களுக்கு வச்சது.”

அவன் முன்வாசல் பக்கம் திரும்பினான். நான் வடக்குக் கதவைத் தள்ளித் திறந்து, இந்தப் பக்கமாகக் குனிந்து வா என்றேன்.