வருகிறவருக்கு ஒரு நாற்காலி

குடையைத் தரையில் செங்குத்தாக ஊன்றி, அதன் நிழலைத் தம் செருப்பாலேயே பாதம் பாதமாக அளந்துகொண்டிருக்கிறார் ரஹ்மத்துல்லா. "இன்னும் அரைச் செருப்பு நீளணும் சாமி. அவசரப்படாதீய." கையில் கடியாரம் கட்டியிருக்கிறார், அது ஓடுகிறது, சரியாகவும் ஓடுகிறது. ஆனால் கடியாரத்துக்கு வெயில் தெரியாது என்பது அவர் கட்சி.

அவர் பின்னால் நிற்பது கேட்வே ஆஃப் இந்தியா. தெற்கேயிருந்து முதல் தடவை பம்பாய் வரும் நம்மவர்கள் அதைப் பார்த்ததும் சற்றுக் குழம்புவார்கள். மதில் இல்லை, வீடு இல்லை, கதவும் இல்லை. வாசல் மட்டும் இருக்கிறது. இருந்தாலும் அதன் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் ஊர் திரும்ப அவர்களுக்கு மனம் வராது. அதற்குத்தான் ரஹ்மத்துல்லா. மாட்டுங்காவில் உறவினர் வீட்டில் வந்து இறங்குகிறவர்களுக்காக, தாராவி விலாசத்துக்குப் பத்து நாள் முன்பே ஒரு தபால் கார்டு போய்விடும். அவர் நீளமான ஒரு நோட்டில் பெயரைப் பதிந்துகொள்வார். நாலு மணிக்கு மேல்தான் வரச் சொல்லுவார். காலையில் சூரியன் கடல் பக்கம் நின்றுகொண்டு எல்லோர் முகத்தையும் கறுப்பாக்கிவிடும். மாலையில் ஊர்ப் பக்கம் வந்து வெளிச்சம் பிடிக்கும். "சூரியன் நம்மட்ட வேலைக்கு நிக்கான் சாமி. ஆனா ரெண்டாவது ஷிப்டுதான் வருவான்."

அவர் எடுப்பது 'தனிப் படம்'. அதாவது படத்தில் அன்னியர் ஒருவரும் விழக்கூடாது. பம்பாயில் மாலை நாலரை மணிக்கு, அந்த இடத்தில், இது சமுத்திரத்தில் உப்பு வேண்டாம் என்று கேட்பதுபோல. ரஹ்மத்துல்லா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். நிலக்கடலை விற்கும் ஜம்பு அவருடைய சிநேகிதர். முப்பது கஜம் தள்ளி ஒரு முக்காலியை நாட்டி, அதன்மேல் கறுப்புத் துணியைப் போர்த்தி, பக்கத்தில் ஜம்பு கைகட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்பார். துணிக்குள் ஒன்றுமே கிடையாது. ஊரே அங்கே போய்க் கூடி வாய் பார்க்கும். இங்கே நிஜக் காமிரா நிம்மதியாகத் தன் காரியத்தைச் செய்யும். பொய்யை நம்பிக் கூட்டம் ஒதுங்குவதால்தான் தம்மால் உள்ளதை உள்ளபடி எடுக்க முடிகிறது என்று அவர் சொல்லும்போது, அதில் வேடிக்கை எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றுவதில்லை.

அப்படியும் தப்பி வந்து குறுக்கே நிற்பவர்களுக்கு என்று ஒரு சொல் இருக்கிறது: "பாஜூ! பாஜூ!" பம்பாய் இந்தியில் பக்கம் என்று பொருள், ரஹ்மத்துல்லா வாயில், விலகு என்று பொருள். துரைமார், பார்ஸிகள், போலீஸ்காரர்கள் எல்லோருக்கும் இதே சொல்தான். மரியாதை வேண்டியவர்களுக்கு முன்னால் ஒரு 'ஜரா', அதாவது 'கொஞ்சம்', சேரும்.

ஆளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மேலப்பாளையத்துக்காரர். தாராவிக்கு வந்தது தோல் கிடங்கு வேலைக்கு. இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு துரை ஏலத்தில் விட்டுப்போன காமிராவை வாங்கினார். அதன் துருத்தி கிழிந்திருந்தது. கிடங்கிலிருந்து நல்ல ஆட்டுத் தோல் கொண்டுவந்து தாமே மடித்துத் தைத்துக்கொண்டார். இன்றைக்கும் மழை நாளில் அந்தக் காமிராவிலிருந்து தாராவி வாசனை அடிக்கும். மாஹிமில் ரயிலேறும்போது தோளில் முக்காலி, ஒரு கையில் காமிராப் பெட்டி, மற்றக் கையில் இரண்டு மடக்கு நாற்காலிகள். இரண்டு நாற்காலி எதற்கு என்று கேட்காத டிக்கெட் பரிசோதகர் அந்த லைனில் இல்லை.

அந்த நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு பத்திகள். 'வந்தவர்', 'வராதவர்'. சண்டைக் காலத்தில் ஆரம்பித்த பழக்கம் இது. கணவன் பர்மாவில், மகன் மலேயாவில் என்றிருந்த குடும்பங்களை நிறுத்திப் படமெடுக்கும்போது, வராதவருக்கு ஒரு நாற்காலி விட்டுவைப்பார். பிறகு அவருடைய பழைய படத்தைக் கத்தரித்து அந்த இடத்தில் ஒட்டி, விளிம்பை மையால் மெழுகி, நிழலையும் எந்தப் பக்கம் விழவேண்டுமோ அந்தப் பக்கம் தீட்டி, மறுபடி ஒரு படம் எடுத்துக் கொடுப்பார். ஸ்டூடியோப் படங்களில் பெரும்பாலும் மார்புவரைதான் இருக்கும். கால்கள் அவரிடம் கைவசம் உண்டு: பூட்ஸ் கால், செருப்புக் கால், வெறுங்கால். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. இறந்தவர்களை ஒட்டமாட்டார். "வராதவுகளுக்குத்தான் நாற்காலி. போனவுகளுக்கு இல்ல."

எனக்கு அவர் பழக்கமானது நாற்பத்தாறு ஜனவரியில். என் தமக்கை ஷ்யாமளா பாலக்காட்டிலிருந்து வந்திருந்தாள். அத்திம்பேர் ராணுவக் கணக்கு இலாகாவில், ரங்கூனில். சண்டை முடிந்து நாலு மாதமாகியும் அவரை விடவில்லை. கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. அக்காவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார் ரஹ்மத்துல்லா. மற்றதைக் காட்டி, பம்பாயில் எல்லோரும் சொல்லுகிற சாதாரணச் சொல்லைச் சொன்னார். காலி டப்பா, காலி டாக்ஸி என்று நாள் முழுவதும் இங்கே காதில் விழுகிற சொல்தான்.

"எழுதிக்கிடுதேன் சாமி. அம்மா வந்திருக்காவ. இவுக வீட்டுக்காரரு காலி. அப்படித்தானே?"

அக்கா நாற்காலியிலிருந்து அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "எப்போடா தெரிஞ்சுது? என்கிட்டே ஏன்டா மறைச்சே? படம் எடுக்கறேன்னு அழைச்சுண்டு வந்து இப்படியாடா சொல்லணும்?"

ரஹ்மத்துல்லாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தச் சொல்லை மனிதர் பெயரோடு சேர்த்தால் பாலக்காட்டில் என்ன அர்த்தம் என்று நான் காதோடு சொன்னேன். அவர் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "அம்மா, நாற்காலியச் சொன்னேன்! நாற்காலியச் சொன்னேன்! அவுக நல்லா இருக்காவ, வருவாவ!" அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்வதற்குள் அன்றைய வெயில் போயிற்று. மறுநாள் வரச்சொல்லி எடுத்தார்.

அன்றோடு அந்தச் சொல்லை விட்டார். இப்போதெல்லாம் 'வர்றவுக எடம்' என்றுதான் சொல்வார். லோக்கல் ரயிலில் ஓர் இடம் யாருமில்லாமல் கிடந்தால்கூட, "அங்க உக்காருங்க சாமி, வர்றவுக இன்னும் வரல்ல" என்கிறார். படம் நன்றாக அமைந்தது. அத்திம்பேருக்கு வாய்த்தவை ஒரு தபால் இலாகா அதிகாரியின் கால்கள். ஏப்ரலில் மனிதர் உடம்போடு வந்து சேர்ந்தார். படத்தைப் பார்த்து முதலில் திகைத்தார். ஒரு வருஷத்துக்குள், அன்றைக்குக் கடற்காற்று எவ்வளவு பலமாக அடித்தது என்று வருகிறவர்களிடம் தாமே வர்ணிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஊரார் குடும்பத்தையெல்லாம் இப்படி ஒட்டிச் சேர்த்த மனிதரிடம் தம் மனைவியின் படம் ஒன்றுகூட இருந்ததில்லை. மதீனா பீவி மேலப்பாளையத்தில் இருக்கிறார். தாராவியில் இருப்பது ஒரே அறை. அதிலும் பாதியில் மருந்துத் தண்ணீரும் கண்ணாடித் தகடுகளும். இவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போவார், ஒரு மாதம் இருப்பார். காமிராவை மட்டும் எடுத்துப்போக முடியாது. அந்த வீட்டில் படம் எடுப்பது ஆகாத காரியம். "தோல் கிடங்குன்னுதான் பொண்ணு குடுத்தாவ. படக்காரன்னா குடுத்திருக்க மாட்டாவ" என்று சிரிப்பார். கேட்டால், முகம் மறந்துபோகும் என்பார். திரும்பி வந்து முதல் ஆறு மாதம் அப்படியே நிற்குமாம். பிறகு கண் நிற்கும், வாய் நழுவிவிடும். வாயைப் பிடித்தால் கண் போய்விடும். "ஊரான் மூஞ்சி ஆயிரம் இந்தத் தலைக்குள்ள கிடக்கு சாமி. அது வந்து வந்து இதை மறைக்கு."

போன வருஷம் செப்டம்பரில் அவருடைய மாமனார் ஹஜ் யாத்திரைக்குப் பம்பாயில் கப்பலேறினார். வழியனுப்ப மகனும் மகளும் வந்தார்கள். மதீனா பீவி பம்பாய்க்கு வந்தது அதுவே முதல் தடவை. நாலு நாள் தங்கல். ரஹ்மத்துல்லா நோட்டில் முறைப்படி பதிந்தார். எனக்குக் காட்டினார். 'மதீனா பீவி, மேலப்பாளையம். வந்தவர்: இருவர். வராதவர்: இல்லை.' இருவர் என்றது தம்மையும் சேர்த்து. அந்தப் பத்தியில் 'இல்லை' என்று எழுதியது அதுதான் முதல் தடவை என்றார்.

முதல் நாள் மழை. இரண்டாம் நாளும் மழை. மூன்றாம் நாள் கப்பல் புறப்பட்டபோது வானமும் கடலும் ஒரே சாம்பல். அன்று மாலையும் ரஹ்மத்துல்லா குடையை ஊன்றிப் பார்த்தாராம், நிழலே இல்லை, மழையில் நின்றுகொண்டு குடையை விரிக்காமல் தரையில் நட்டு வைத்திருக்கும் மனிதரை ஊர் வேடிக்கை பார்த்ததாக ஜம்பு சொன்னார்.

நாலாம் நாள் சனிக்கிழமை. இரவு மெயிலில் அவர்கள் ஊர் திரும்ப வேண்டும். எனக்கு அரை நாள் ஆபீஸ். கோட்டைப் பகுதியிலிருந்து நடந்து வந்தேன். நாலே காலுக்கு மேற்கே மேகம் விலகி, ஈரக் கல்லெல்லாம் மஞ்சளாயிற்று. மைத்துனரை ஜம்புவின் பொய்க் காமிராவைப் பார்க்க அனுப்பிவிட்டார் ரஹ்மத்துல்லா. அவரும் மெய்மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மரியாதைக்குத் தள்ளித்தான் நின்றேன். ஆனால் காற்று என் பக்கம் அடித்தது.

மதீனா பீவி வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தி, நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை.

"ஏளா, உக்காரு. ஒரு நிமிசம். வெயில் போயிரும்."

"நான் மாட்டேன். எம்மூஞ்சி இந்த ஊருல கண்டவன் கையில கெடக்கணுமா?"

"கண்டவனா? எங்கையிலதானளா கெடக்கும். நான் எங்க உன்னப் பாக்கேன்? ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா."

"எனக்கு மட்டும் உங்களத் தெனமும் காட்டுதாகளாக்கும்!"

ரஹ்மத்துல்லா குடையைப் பார்த்தார். நிழல் இன்னும் ஒரு விரற்கடை நீண்டது. மதீனா பீவி காமிராவைப் பார்த்தார்.

"ஊரு ஒலகத்து மூஞ்சியெல்லாம் அந்தத் துணிக்குள்ள பூந்து பாக்கீயளே. நான் பாக்கப்படாதா?"

ரஹ்மத்துல்லாவிடம் இருந்தது படம் பதியும் தகடு ஒன்றே. ஒரு புக்கிங்குக்கு ஒரு தகடு என்பது அவர் சட்டம். அதை எப்படிச் செலவிடுவது என்று அந்த நேரத்தில் முடிவு செய்தாக வேண்டும். தகட்டைக் காமிராவில் பொருத்துவதற்கு முன் கறுப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தார். மதீனா பீவி உள்ளே தலையை நுழைத்துக்கொண்டார். இவர் ஓடிப்போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். மற்ற நாற்காலி அப்படியே கிடந்தது. நெடுநேரம் துணி அசையவில்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"யா அல்லா, தலைகீழால்ல தொங்குதீய!"

"அது அப்படித்தான் தெரியும். படத்துல சரியாயிரும்."

"இருக்கட்டும். இன்னும் செத்த நேரம் தொங்குங்க."

இவர் மறுபடி வந்து, தகட்டைப் பொருத்தி, காமிராவின் கண்ணைத் திறக்கும் ரப்பர் உருண்டையை மனைவி கையில் கொடுத்து, கசக்கினால் போதும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். விறைப்பாகத்தான் உட்கார்ந்தார். "பல்லு தெரிஞ்சா படம் அழிஞ்சுது" என்று ஆயிரம் பேரை அதட்டியவர் அவர். மதீனா பீவி முக்காலியின் ஒரு காலில் இடித்துக்கொண்டு நின்று, துப்பட்டியைச் சற்று விலக்கி, அவரை நேரே பார்த்து, "பெரிய வௌவாலு!" என்று சொல்லி உருண்டையைக் கசக்கினார்.

இரண்டு பிரதி போட்டார். ஒன்று மேலப்பாளையத்துக்குப் போயிற்று. துணிப் பெட்டிக்குள், தினமும் எடுத்துப் பார்க்கும்படி மேலாக இருக்கிறது என்று மைத்துனர் எழுதினாராம். இன்னொன்று தாராவியில் சுவரில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுப் புக்கிங் கொடுக்கலாமா என்று யோசிக்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக இடம் பெயராமல் நிற்கும் கட்டடம் இதில் கடலுக்குள் சரிகிறது. ரஹ்மத்துல்லாவின் தொப்பியில் பாதியைக் காணோம். பல் அத்தனையும் தெரிகிறது. பக்கத்து நாற்காலியில் யாரும் இல்லை. இதை அவர் ஒட்டவும் இல்லை, திருத்தவும் இல்லை.

சென்ற வாரம் ஒரு தாயாதிக் குடும்பத்துக்காகப் புக்கிங் சொல்லப் போனேன். அவர் நோட்டை விரித்து, "எத்தன பேரு வாராவ சாமி? எத்தன பேரு வரல்ல?" என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் சுவருக்கு முன்னால் நின்று அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்திலுள்ள மனிதர், அன்று மதீனா பீவியைப் பார்த்த அதே சிரிப்போடு, நேரே என்னைப் பார்த்தார்.

ரஹ்மத்துல்லா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். என் முழங்கையை இரண்டு விரலால் பிடித்தார்.

"ஜரா பாஜூ, சாமி."

நான் விலகினேன். நான் நின்ற இடத்தை அவர் ஒரு தரம் பார்த்தார், படத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் நோட்டின் முன் குனிந்துகொண்டார்.