பூனைக்கு வைத்த பத்தியம்

பூனை சிறுநீர் கழித்த மணலில் எறும்பு மொய்ப்பதை முதலில் பார்த்தவள் என் மனைவி. நான் பார்த்தது எண்ணிக்கையை. அந்த வாரத்தில் பூனை ஒரு நாளைக்குப் பதினோரு முறை தண்ணீர்ச் சட்டிக்குப் போனது. அதற்கு முன்பு நான்கு முறைக்கு மேல் போய் நான் கண்டதில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு வயது அறுபத்தொன்று. அரசாங்கத்தில் மீன் கணக்கெடுக்கும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். படகுகள் கரை சேரும் இடத்தில் நின்று, எந்தப் படகில் எத்தனை கூடை மீன், எத்தனை கூடை இறால் என்று எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் பழவேற்காடு ஏரிக்கரையை விட்டுப் போக மனம் வரவில்லை. துறைக்கு நாற்பது தப்படி தூரத்தில் ஓட்டு வீடு. பிள்ளைகள் இல்லை. மனைவி, நான், ஒன்பது வயதான சாம்பல் வரிப் பூனை, ஆக மொத்தம் மூன்று பேர்.

மனைவிக்குச் சர்க்கரை வியாதி வந்து ஏழு வருடமாகியிருந்தது. வீட்டிலேயே சோதனை செய்துகொள்வாள். கண்ணாடிக் குழாயில் நீலத் திரவம் கொஞ்சம், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், சாராய விளக்கில் இரண்டு நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். பிறகு மஞ்சள், ஆரஞ்சு. செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். தினமும் காலையில் தனக்குத் தானே ஊசியும் போட்டுக்கொள்வாள். அதனால் எறும்பைப் பார்த்ததும், "எனக்கு வந்தது இதுக்கும் வந்துடுச்சு" என்றாள். பூனைக்காவது சர்க்கரையாவது என்று நான் சொன்னேன். சிமெண்டுத் தரையில் பூனை தேக்கிவிட்டுப் போனதை மை நிரப்பியால் உறிஞ்சி எடுத்து, குழாயில் விட்டுக் காய்ச்சினாள். செங்கல் நிறம்.

இறால் கூடையில் துணி விரித்துப் பூனையை வைத்து மூடி, பொன்னேரிக்குப் பஸ் ஏறினோம். அங்கிருந்த கால்நடை மருத்துவர் மாடுகளையே பார்த்துப் பழகியவர். ஆனாலும் பொறுமையானவர். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரைதான் என்றார். ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஊசி, வேளைக்கு இரண்டு யூனிட், ஆயுள் முழுக்க. கிராமத்தில், இந்த வயதில், உங்களால் முடியுமா என்று கேட்டார். முடியாது என்றால் வலியில்லாமல் அனுப்பிவிடலாம், ஒரு வாரம் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

என் மனைவி யோசிக்கவில்லை. "சக்கர வந்தாலே அனுப்பிடணும்னா, மொதல்ல என்னை அனுப்புங்க டாக்டர்" என்றாள்.

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் கூடையைப் பார்த்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு, பூனை பிழைக்காவிட்டால் அவள் அதைப் பூனையின் சாவாக மட்டும் எடுத்துக்கொள்ள மாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

அடுத்த நாளே நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டேன். ஞாயிறு முதல் சனி வரை ஏழு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஊசியின் அளவு, குடித்த தண்ணீர், தின்ற உணவு, மாலைச் சோதனையின் நிறம். பூனையின் சிறுநீரைப் பிடிப்பதுதான் பெரிய பாடாக இருந்தது. மணல் உறிஞ்சிவிடும். மூன்று நாள் பின்னாலேயே அலைந்த பிறகு ஒரு வழி தோன்றியது. ஏரிக்கரையில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. பொடியாகப் பொறுக்கி, ஐந்து முறை கழுவி, வெயிலில் காயவைத்து, தகரத் தட்டில் பரப்பினேன். ஒரு பக்கம் செங்கல் துண்டு வைத்துச் சாய்த்தேன். கிளிஞ்சல் எதையும் குடிக்காது. ஈரம் கீழே ஓடி மூலையில் தேங்கும். பூனை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. மணலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளிஞ்சலைக் கலந்து, எட்டாவது நாள் முழுக் கிளிஞ்சலுக்குப் பழக்கினேன்; அதுவரை மை நிரப்பியோடு பின்னால் போய்த்தான் பிடித்தேன்.

மருந்துச் சீசா சூடாகாமல் இருக்க இரண்டு மண்சட்டி. பெரிய சட்டியில் ஈர மணல், அதில் புதைத்த சின்னச் சட்டிக்குள் சீசா. ஊசி போடுவது மனைவி. பூனையைப் பிடித்துக்கொண்டு ஊசிக் குழலின் அளவுக் கோட்டை மூன்று தடவை சரிபார்ப்பது நான். மூன்றாவது தடவை எப்போதும் அவளுக்குக் கோபம் வரும். நான்காவது தடவை பார்க்க எனக்கு ஆசை இருக்கும், பார்த்ததில்லை.

உணவு விஷயத்தில் நான் யாரையும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் காய்ச்சல், காமாலை என்று எது வந்தாலும் முதலில் நிறுத்துவது மீனைத்தான். மீனை நம்பியே பிழைக்கும் வீடுகளிலும் நோயாளிக்குக் கஞ்சிதான். சர்க்கரை என்றால் அன்றைய நாளில் கோதுமைக் கஞ்சி. என் மனைவி அதைத்தான் குடித்தாள். அதே பானையிலிருந்து பூனைக்கும் காலையில் எட்டுக் கரண்டி, மாலையில் எட்டுக் கரண்டி, மேலே கொஞ்சம் பால். மீன் வாடையே கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். அவள் வீட்டுக்காரர் ஏரியில் இறால் வலை கட்டுபவர். இறாலைக் கழுவி எடுப்பது எங்கள் கொல்லைக்குப் பின்னால் உள்ள கரையில்தான். அவள் கேட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: "கூழு ஊத்த அது இன்னா மாரியாத்தாவா சார்?"

பூனை கஞ்சியைக் குடித்தது. அந்த நோயின் பசி எதையும் குடிக்கும். ஆனால் நிறம் இறங்கவில்லை. செங்கல், ஆரஞ்சு, திடீரென்று ஒரு நாள் பச்சை, மறுபடி செங்கல். துறையில் மீன் நிறுக்கும் தராசில் கூடையோடு தொங்கவிட்டு நிறுத்தேன். இளைத்துக்கொண்டே போனது. மருத்துவருக்குக் கார்டு எழுதினேன். மூன்று யூனிட் போடுங்கள் என்று பதில் வந்தது. பதினைந்து நாள் கழித்து இன்னொரு கார்டு. நான்கு யூனிட்.

நாற்பத்தைந்தாவது நாள் பகலில், ஊசி போட்டு நான்கு மணி நேரம் கழித்து, தண்ணீர்ச் சட்டிக்குப் போன பூனை திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். பின்னங்கால்கள் இழுத்துக்கொள்ள, சட்டியில் தாடையைச் சாய்த்துக் கிடந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் மூச்சை எண்ண ஆரம்பித்தேன். என் மனைவி எண்ணவில்லை. தனக்கு இரண்டு முறை இப்படி மயக்கம் வந்து மீண்டவள் அவள். சர்க்கரை இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே வெல்லத்தைத் தண்ணீரில் குழைத்து, விரலால் பூனையின் ஈறில் தேய்த்தாள். விட்டு விட்டுத் தேய்த்தாள். பத்து நிமிடம் கழித்துப் பூனை அவள் விரலைக் கடித்தது. அவள் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரம்மா வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பூனையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"நான்தான் சார். திட்டாதீங்க. காலைல ரெண்டு கை எறாலு போட்டேன்."

மீனே கூடாது என்று சொன்னேனா இல்லையா என்று கேட்டேன்.

"சொன்னீங்க சார். ஆனா எங்க பாடு நாள்ல கூடையாண்ட வந்து குந்திக்கிது. வாயத் தொறந்துக்கினு வர்றத அன்னிக்கு வெரட்ட மாட்டோம். எங்க மாமியா காலத்துலேர்ந்து அப்டித்தான். வெரட்டினா அடுத்த பாடு காலி வலதான்."

பாடு என்பது எங்கள் ஏரியின் முறை. நல்ல இறால் இடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு கூட்டம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அவள் வீட்டுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை பாடு வரும்.

எத்தனை முறை போட்டாய் என்று கேட்டேன்.

"பாடுக்கு ஒருதரம் சார். ஒண்ணு வுடல."

அன்று மாலை ஊசி போடவில்லை. நான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்: அவள் பேரில் குற்றப்பத்திரிகை எழுதத்தான் உட்கார்ந்தேன். அவள் இறால் போட்ட ஒவ்வொரு நாளையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, பூனையின் உடம்பு எப்படிக் கெட்டது என்று அவள் முன்னால் விரித்துக் காட்ட நினைத்தேன். பாடு நாள்களை நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இருபத்தாறு வருடம் எழுதியவன்.

முதல் வட்டம் பச்சையின்மேல் விழுந்தது. இரண்டாவதும் பச்சை. மூன்றாவதும். வட்டங்கள் கட்டத்துக்குக் கட்டம் சாய்வாக இறங்கிக்கொண்டே போயின. வாரக் கணக்கில் ஏழு ஏழாக எழுதியதால் எனக்கு இத்தனை நாள் கண்ணில் படவில்லை. மொத்தம் பதினைந்து வட்டம். பதின்மூன்று பச்சை. ஒன்றில் பூனை கொல்லைக்குப் போய்விட்டதால் நிறம் இல்லை. கடைசி வட்டம், பூனை மயங்கி விழுந்த அன்றைய நாள். மீதி முப்பது நாளும் ஆரஞ்சு அல்லது செங்கல். அந்த முப்பது நாளும் பூனை தின்றது என் கஞ்சியை மட்டும். வட்டமிட்ட நாள்களில், உணவுக் கட்டத்தில், என் கையாலேயே எழுதியிருந்தேன்: 'கஞ்சி தொடவில்லை.'

பூனையின் சர்க்கரையை ஏற்றியது என் கோதுமை. இறக்கியது அவள் இறால். கஞ்சிக்காக நான் ஏற்றிக்கொண்டே போன மருந்து, கஞ்சி குடிக்காத நாளில் பூனையைச் சாய்த்துவிட்டது.

நோட்டை மனைவியிடம் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்தாள். "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். வேலியைத் தாண்டிப் போய், நான் செய்த தப்பைப் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். வலை அலசிக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரரும் கேட்டார். "பூனைக்கு மீன் குடுக்காம இருக்க ஒருத்தர் ரொம்பப் படிச்சிருக்கணும்" என்றார். அதை நான் தாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பொன்னேரி. மருத்துவர் நோட்டை அரை மணி நேரம் படித்தார். வெளியே இரண்டு மாடுகள் காத்திருந்தன. இனி தானியமும் பாலும் வேண்டாம், மீனும் இறாலும் மட்டும், உப்பில்லாமல் வேகவைத்து, நேரம் தவறாமல் என்றார். ஊசி ஒரே யூனிட். ஒவ்வொரு முறையும் சோதித்த பிறகுதான் ஊசி, நீலம் வந்தால் ஊசி கிடையாது.

நேரம் தவறாமல் என்பதில்தான் சிக்கல். பக்கத்து வீட்டில் மூன்று நாளைக்கு ஒரு முறைதானே இறால்? அதைப் பக்கத்து வீட்டுக்காரம்மா தீர்த்துவைத்தாள். பாடு முறையில் உள்ள மற்ற இரண்டு கூட்டத்து வீடுகளுக்கும் அவளே போய்ப் பேசினாள். அன்று முதல் ஏரியில் யாருக்கு முறையோ, அந்த வீட்டிலிருந்து விடிந்ததும் பூனைக்கு ஒரு கை இறாலோ இரண்டு மடவை மீன் குஞ்சோ வந்தது. நூறு வருடமாக மனிதருக்கு மட்டும் இருந்த முறையில் ஒரு பூனை சேர்ந்துவிட்டது என்று துறையில் சிரித்தார்கள். நான் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ஏழு கட்டத்துக்குப் பதில் மூன்று கட்டமாகப் போட்டேன்.

முதல் வாரம் மஞ்சள், பச்சை. ஒன்பதாவது நாள் நீலத் திரவம் கொதித்தது, ஆறியது, நீலமாகவே நின்றது. விளக்கு சரியாக எரியவில்லை என்று நினைத்து இன்னொரு முறை காய்ச்சினேன். அப்போதும் நீலம். குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் துறைக்குப் போனேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தாள். இது என்ன தண்ணீர் என்று அவள் கேட்கவில்லை என்பதால் நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு கரையில் யார் எதிர்ப்பட்டாலும், "இன்னா சார், இன்னிக்கு இன்னா கலரு?" என்பதுதான் கேள்வி. சில நாள் பச்சை வரும், எனக்குச் சோறு இறங்காது. மறுபடி நீலம் வரும். ஊசி ஒரு நாளைக்கு ஒரு வேளையாகக் குறைந்தது. பிறகு வாரத்துக்கு இரண்டு ஆயிற்று. புதுப் பத்தியத்தின் முப்பத்தேழாவது நாளுக்குப் பிறகு ஊசி போடவே வேண்டியிருக்கவில்லை. தராசில் பூனை ஒரு கிலோ நூறு கிராம் கூடியிருந்தது. தராசுக்காரர் எடைக்கல்லை எடுத்துவிட்டு, கொழுத்த மீன் என்றார்.

பொன்னேரி மருத்துவர் மறுபடி இரத்தம் பார்த்துவிட்டு, இப்போது சர்க்கரை இல்லை என்றார். ஆயுள் முழுக்க என்று சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நோட்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தர மனமில்லை. வீட்டுக்கு வந்து, வட்டம் உட்பட முழுதும் கையால் நகல் எடுத்து அனுப்பினேன்.

பொன்னேரியிலிருந்து திரும்பிய மாலை, தகரத் தட்டை எடுத்துக் கிளிஞ்சலைக் கரையில் கொட்டினேன். பூனை கொல்லை மணலுக்குப் போனது, குழி பறித்தது, முடித்தது, மூடியது. என் மனைவி, பார்க்கத்தானே போகிறீர்கள் என்று முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். தனக்கும் ஒன்று. ஈர மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் எண்ணினேன். முந்நூற்று நாற்பதில் ஓர் எறும்பு வந்தது. ஈரத்தின் ஓரத்தில் நின்றது. பிறகு சுற்றிக்கொண்டு, காலையில் பூனை மிச்சம் வைத்த இறால் தலையை நோக்கிப் போனது.