பத்தாவது எழுத்துக்குப் பிறகு

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், "இந்த புரோகிராமை எழுதின சார் எங்க இருக்கார்?" என்று கேட்டேன். ரத்தம் எடுக்கும் பெண் சிரித்துவிட்டாள்.

"சாரா? ஸ்டோர் ரூம்ல பாருங்க. பஞ்சுப் பெட்டிக்குப் பின்னாடி ஒரு சார் கொண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

கையுறைப் பெட்டிகள் விட்டம் வரை அடுக்கிய அறை. நடுவே ஒரு மேசை, அதன் மேல் மஞ்சள் பாரித்த பழைய கணினி, அதன் முன்னால் கொண்டை போட்ட ஒரு பெண்மணி. பரிசோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. முதலாளியான டாக்டருக்கு மட்டும் 'ஏம்மா'.

"நீங்கதான் அந்தப் பட்டதாரியா?" என்றார். கல்லூரியின் பெயரைச் சொன்னேன். எங்கள் வீட்டிலும் தெருவிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதையும், அவர் கேட்காமலே, சேர்த்துச் சொன்னேன்.

"நல்லது தம்பி. நான் டைப்பிங் கிளாஸ் மாடியில ஆறு மாசம் படிச்சேன். ஏறி இறங்கின படியையும் சேர்த்தா ஆறரை."

இருபத்து நான்கு வயதில் கவுன்டரில் ரத்தக் குழாய்களுக்கு எண் ஒட்டும் வேலைக்கு வந்தவர். அப்போது ரிப்போர்ட்டெல்லாம் கையால் எழுதுவதுதான். ஒரே பெயருள்ள இரண்டு பேரின் ரிப்போர்ட் ஒருநாள் மாறிப்போய், சர்க்கரையே இல்லாத ஒரு கிழவர் ஒரு மாதம் சர்க்கரை மாத்திரை விழுங்கியிருக்கிறார். அதன் பிறகுதான் அக்கா யாரும் கேட்காமலே புரோகிராம் எழுத உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடமாக இங்கிருந்து போன ஒவ்வொரு ரிப்போர்ட்டும் அதன் வழியாகத்தான் போயிற்று. கவுன்டரிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு அவரை நகர்த்தியதும் அதுதான்.

இப்போது புதுக் கணினிகள் வந்து இறங்கியிருந்தன. பழைய புரோகிராம் அவற்றில் ஓடாது. புதுக் கணினிக்கு ஏற்றபடி அதை மாற்றி எழுத வேண்டும். அதற்குத்தான் என்னை எடுத்தார்கள். டாக்டர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "மாசக் கடைசிக்குள்ள முடிங்க. இல்லேன்னா ரெடிமேடா ஒண்ணு வாங்கிடுறேன். ஏம்மா, அப்புறம் நீ கவுன்டருக்கே வந்துடு. அங்கேயும் ஆள் குறையுது."

அக்கா தலையாட்டினார். டாக்டர் போனதும் நாற்காலியின் கைப்பிடியை ஒருமுறை இறுகப் பிடித்து, பிறகு விட்டார்.

புதுக் கணினியில் முதல் தடவை ஓட்டியபோது அறுநூற்று நாற்பத்திரண்டு பிழைகள். ஒன்றைத் திருத்தினால் மூன்று முளைத்தன. திரையில் கட்டம் கட்டமாக இருந்த கோடுகளெல்லாம் வாயில் நுழையாத எழுத்துகளாகிவிட்டன. பிரிண்டரோ பாதி ரிப்போர்ட்டை அடுத்த ஆளின் தாளில் அடித்தது.

"நேத்து வரைக்கும் கணீர்னு பேசின பிள்ளை தம்பி. ஸ்கூலை மாத்தினதும் வாயையே திறக்க மாட்டேங்குதே" என்றார் அக்கா.

எனக்கு எரிச்சல் மூட்டியது வேறொன்று. புரோகிராமுக்குள் வரும் பெயர்களையெல்லாம் அவர் தமிழில் வைத்திருந்தார், ஆங்கில எழுத்தில். சர்க்கரை, உப்பு, கொழுப்பு, இரும்புச்சத்து. "யாராவது இப்படி எழுதுவாங்களா அக்கா?" என்றேன்.

"எனக்கு நானே பேசிக்கிட்டு எழுதினது. இங்கிலீஷ்ல பேசிக்க வரல."

மூன்று வாரத்தில் பிழைகள் பூஜ்யமாயின. திங்கட்கிழமை முதல் பழையதையும் புதியதையும் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, இரண்டு ரிப்போர்ட்டையும் ஒப்பிட்டோம். புதன்கிழமை மாலை வரை ஒரு புள்ளிகூட மாறவில்லை. பள்ளி வேன் ஓட்டும் அக்காவின் கணவர் அவரைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

"என்னப்பா, என் சக்களத்தி பிழைச்சுக்குவாளா?" என்று மானிட்டரைக் காட்டிக் கேட்டார்.

"பிழைச்சாச்சு மாமா. மூணு நாள் போதும், நாளையிலேர்ந்து புதுசு மட்டும் ஓடட்டும்" என்றேன்.

அக்கா மட்டும் இழுத்தார். "ரெண்டு வாரம் பார்க்கலாம் தம்பி. சில டெஸ்ட் எப்பவாவதுதான் வரும்."

"மாசக் கடைசிக்கு இன்னும் நாலே நாள் இருக்கு அக்கா. நீங்க பயந்தே காலத்தை ஓட்டிடுவீங்க போல."

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் பழைய கணினியை அணைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஓர் இளைஞன் ரிப்போர்ட்டோடு கவுன்டருக்கு ஓடிவந்தான். ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவிக்கு இரும்புச்சத்து பூஜ்யம் என்று அதில் அடித்திருந்தது. "ரத்தத்துல இரும்பே இல்லியா சார்? அவ வெளியில உக்காந்து அழுதுட்டிருக்கா." கீழே டாக்டரின் கையெழுத்து, வழக்கம்போல் பார்க்காமல் போட்டது.

அக்கா முதலில் வெளியே போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, "மெஷின் தப்பும்மா, உன் உடம்புல தப்பில்ல" என்றார். பிறகு ரத்தத்தைச் சோதிக்கும் கருவி காட்டிய உண்மையான அளவைத் தேடிப் பார்த்து, கையாலேயே எழுதிக் கொடுத்தார். உள்ளே வந்து புரோகிராமைத் திறந்தார்.

மூன்று மணி நேரம் தேடினோம். புரோகிராமில் அளவை உள்ளே வாங்கும் இடத்தில் 'இரும்புச்சத்து' என்பதன் கடைசியில் ஒரு 'டி, எச்'. ரிப்போர்ட் அடிக்கும் இடத்தில் இரண்டு. ஆங்கில எழுத்தில் தமிழை எப்படி வேண்டுமானாலும் எழுதலாமே.

"அப்போ பழசுல எப்படி ஓடுச்சு?" என்றேன்.

அக்கா விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். "ஐ, ஆர், யு, எம், பி, யு, சி, எச், சி, எச்." பத்து விரலும் மடிந்துவிட்டன. "அது பேர்ல முதல் பத்து எழுத்தைத்தான் பார்க்கும். மிச்சத்தைக் கண்டுக்காது. அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். உங்க புதுசு கடைசி எழுத்து வரைக்கும் படிக்குது. அதுக்கு இது வேற ஆள், அது வேற ஆள். ஒருத்தன் கையில அளவு இருக்கு, இன்னொருத்தன் கை காலி."

திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. டாக்டர் இருவரையும் கூப்பிட்டார்.

"உயிரோட நடந்து வர்ற பொண்ணுக்கு பூஜ்யம்னு நான் கையெழுத்து போட்டிருக்கேன், ஏம்மா! சரி, கண்டுபிடிச்சிட்டீங்க. இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?"

"இனிமே இருக்காது சார்" என்றேன்.

"அவர் சொல்றது இருக்கட்டும். எழுதினது நீ. நீ சொல்லு."

நானூறுக்கு மேற்பட்ட பெயர்கள். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நாற்காலி அவருக்கே இருந்திருக்கும்.

"தெரியாது டாக்டர். ஒவ்வொண்ணா படிச்சுப் பார்க்கணும். ஒரு மாசமாவது ஆகும்."

"மூணு நாள்ல பழசை நிறுத்தச் சொன்னது யாரு?"

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. சொல்ல வேண்டியவன் நான். பட்டம் வாங்கிய வாய் அன்று திறக்கவில்லை.

திங்கட்கிழமை ரெடிமேட் மென்பொருள் வாங்கினார்கள். அதை நிறுவித் தர என்னை இன்னும் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். அதன் பிறகு நான் வேறு நிறுவனத்துக்குப் போனேன்.

அக்கா அதே பரிசோதனைக் கூடத்தில்தான் இருக்கிறார். காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை இரண்டாம் கவுன்டரில், ரத்தக் குழாய்களுக்கு எண் ஒட்டுகிறார்.