பட்டன் டயர் மாட்டும் நாள்

போன மாதம் மீனாட்சிபுரத்தில் டயர்க் கடைக்குப் போயிருந்தேன். எங்கள் பழைய காரின் முன்சக்கரங்கள் இரண்டும் மொட்டையாகியிருந்தன. கடைக்காரர் சாதிக் குனிந்து, டயரின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஏனுங்கக்கா, இப்பவே மாத்திப்போடலாங்களா, இல்ல மழை புடிச்சப்புறம் மாத்திக்கறீங்களா? இன்னும் ஒரு மாசம் ஓடுமுங்க" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "டயர் விக்கிறவர் நீங்க. அதை நீங்கதானே சொல்லணும்?" என்றேன். பாவம், முகம் சுருங்கிப்போய் எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டு உள்ளே போனார். அடுக்கி வைத்திருந்த புது டயர்களுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வெயில் பட்ட ரப்பர் வாசனை. அது மூக்கில் ஏறினால் எனக்கு இருபத்துமூன்று வயதாகிவிடும். கையில் ஒரு சாவிக்கொத்தும் வந்துவிடும்.

அந்த வயதில் இடுக்கி மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். உரம், மருந்து, கவ்வாத்துக் கத்தி, மண்ணெண்ணெய் எல்லாம் என் பூட்டுக்குள். அந்தச் சாவியை நான் எவ்வளவு பெருமையாக ஆட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. கோயிலுக்குப் போகும்போதுகூடக் கையில் ஜெபமாலையும் சாவியும் சேர்ந்தே இருக்கும்.

ஸ்டோரின் மூலையில், சாக்கு போர்த்தி, நான்கு பட்டன் டயர்கள் இருக்கும். கட்டை கட்டையாகப் பல் வைத்த ஜீப் டயர். மழைக்காலச் சேற்றில் அதுதான் மண்ணைக் கடித்துப் பிடிக்கும். கோடையில் காய்ந்த கல்ரோட்டில் ஓட்டினாலோ ஒரே மாதத்தில் பல் தேய்ந்துவிடும். வருடத்துக்கு ஒரு செட்தான் வரும். ஆகவே மழைக்குச் சற்று முன்னால் மாட்ட வேண்டும், ரொம்ப முன்னால் மாட்டக்கூடாது. சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

அந்த "சற்று முன்னால்" என்பது எந்த நாள் என்று யாருக்குத் தெரியும்? சொல்லப்போனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. களையெடுக்கும் பெண்கள் ஈசல் பறப்பதைப் பார்த்துச் சொன்னார்கள். மேனேஜர் பங்களா சமையல்காரர் உப்பு ஜாடி கசிவதை வைத்துச் சொன்னார். ரேடியோ ஒன்று சொன்னது, அடுத்த நாள் அதையே மாற்றிச் சொன்னது. எல்லாருக்கும் மழை தெரிந்திருந்தது, டயரை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியவள் மட்டும் நான்.

முதல் வருடம், மே மாதத்தில் மூன்று நாள் இடியோடு கொட்டியது. நான் புத்திசாலித்தனமாக டயரை எடுத்துக் கொடுத்துவிட்டேன். வந்தது கோடை மழை. அதன் பிறகு மூன்று வாரம் கல் வெடிக்கும் வெயில். நிஜமான மழை வந்தபோது பட்டன் டயர் பாதி தேய்ந்திருந்தது. மேனேஜர் கோட்டயத்துக்காரர், சத்தம் போடாத மனிதர். "மழை ஒறச்சிட்டு மாத்தியா மதி" என்று மட்டும் சொன்னார். மழை நிலைத்தபின் மாற்றினால் போதும் என்று அர்த்தம். அதோடு ஒரு விளக்கக் கடிதமும் கேட்டார். "வருந்துகிறேன்" என்பதை ஆங்கிலத்தில் எழுத நான்கு தாள் கிழித்தேன். மழை தாமதமானதற்கு நான் ஏன் வருந்த வேண்டும் என்று அழுகையாக வந்தது.

அதனால் இரண்டாம் வருடம் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஜீப் டிரைவர் பெயர் அந்தோணி. என் அப்பாவின் ஊரான தென்காசிப் பக்கத்துக்காரர்தான். வேலையாட்களை ஏற்றி இறக்குவது, காய்ச்சல்காரர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கொண்டுவிடுவது எல்லாம் அவர்தான். தோட்டத்திலிருந்து தார்ரோட்டுக்கு மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. நடுவில் ஓர் ஏற்றம், சோப்பு மேடு என்று பேர். நனைந்தால் எப்படி இருக்கும் என்று பேரிலேயே இருக்கிறது.

மே கடைசியில் அந்தோணி அண்ணன் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, டயரக் குடுத்துரு. மேக்க கருக்கல் கூடிட்டு."

"போன வருசமும் இதத்தானண்ணே சொன்னீங்க."

"போன வருசம் காத்து வேற. இது வேற."

எனக்குக் காற்றில் வித்தியாசம் தெரியவில்லை. விளக்கக் கடிதம்தான் தெரிந்தது. அவர் திரும்பிப் போனார். இரண்டு நாள் கழித்து வந்தார், மறுபடி வந்தார். நாலாவது தடவை வந்தபோது, "வியாழக்கிழம ஸ்டெல்லாவுக்கு நர்சிங் இன்டர்வியூ. பத்து மணிக்கு டவுன்ல இருக்கணும். அதுக்குத்தான் கேக்கேன்" என்றார்.

ஸ்டெல்லா அவருடைய ஒரே மகள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அத்தனை மார்க் வாங்கியவள் அதற்கு முன் யாரும் இல்லை.

அன்று திங்கட்கிழமை. வெளியே பளீரென்று வெயில் அடித்தது. "இந்த வெயிலப் பாத்துட்டுப் பேசுங்கண்ணே. வியாழக்கிழமைக்குள்ள ஒண்ணும் வராது" என்றேன். அவர் வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சரி என்று போய்விட்டார். கெஞ்சியிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கெஞ்சுகிற மனிதர் இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது.

வியாழன் காலை ஆறரைக்கு ஜீப் கிளம்பியது. ஏழு மணிக்கு, களையெடுக்கும் மரியபுஷ்பம் அக்கா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். "வண்டி சோப்பு மேட்டுல ஓடைக்குள்ள எறங்கிட்டு. சக்கரத்துல சங்கிலி சுத்திப் பாத்தாச்சு, நிக்கல. டயரத் தா."

அதற்கப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. பங்களா போன் முதல் மழையிலேயே செத்துப்போயிருந்தது, கேட்டிருக்கவும் முடியாது. நாலு பெண்கள் நாலு டயரை உருட்டிக்கொண்டு ஓடினோம். என் கையிலிருந்த டயர் ஒரு திருப்பத்தில் நழுவி, ஏலச்செடிகளை மடக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் போய்விட்டது. ஆவணியில் காய் எடுக்கப் போனவர்கள்தான் அதைப் பார்த்தார்கள், உள்ளே ஒரு தவளைக் குடும்பம் இருந்ததாம். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

கொட்டுகிற மழையில் ஜாக்கி சேற்றுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. அடியில் பலகை வைத்து, கல் வைத்து, லீவர் போட்டுப் பழைய டயரைப் பிரித்து, டியூபை மாற்றி, கால் பம்பால் காற்றடித்து, பின்சக்கரம் இரண்டையும் மாட்டி முடிக்கும்போது பத்து மணி தாண்டிவிட்டது. ஸ்டெல்லா முழங்கால் வரை சேற்றோடு தள்ளினாள். சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, துப்பட்டாவுக்குள் நெஞ்சோடு கட்டியிருந்தாள். அது மட்டும் நனையவில்லை.

வண்டி மேடேறியதும் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. மேசையில் இருந்தவர் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு நாற்காலி காட்டினார். அதற்குமேல் அவர் கையில் ஒன்றுமில்லை. "பத்து மணிக்கே பேரு விளிச்சதாணு. இனி பற்றில்லா" என்றார். பேரைக் கூப்பிட்டாயிற்று, இனி முடியாதாம். நான் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் மழை, சேறு, டயர் என்று ஏதேதோ சொன்னேன். தப்பு என்னுடையது, இந்தப் பெண்ணுடையதில்லை என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடுத்த வருடம் வரச் சொன்னார். ஸ்டெல்லாதான் என் முழங்கையைத் தொட்டு, "வாங்கக்கா, போலாம்" என்றாள்.

திரும்பும் வழியில் அந்தோணி அண்ணன் ஒரு கடையில் நிறுத்தி, மூன்று பேருக்கும் டீயும் பன்னும் வாங்கினார். "மழ வரும்னு ஒனக்கு எப்படித் தெரியும்? விடு" என்றார் என்னிடம். அவர் நாலு தடவை வந்து சொன்ன விஷயம் அது. திட்டியிருந்தால் அந்த பன்னை நான் தின்றிருப்பேன்.

மூன்றாம் வருடம் மே பிறந்ததுமே நான் அவரைக் கூப்பிட்டேன். "டயர எடுத்துட்டுப் போங்கண்ணே. மேனேஜர் கேட்டா நான் பாத்துக்கறேன்."

அவர் வானத்தைப் பார்த்தார். "இன்னும் நாளு கெடக்கு. இப்ப மாட்டினா ஒனக்குத்தான் கடுதாசி வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்கும்போது நான் கொடுக்கவில்லை, கொடுக்கும்போது இவர் வாங்க மாட்டேன் என்கிறார். ஸ்டோரிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அவர் மூலைக்குப் போய்ச் சாக்கை விலக்கினார். பிறகு, "சரி, எங்கிட்ட கெடக்கட்டும். மழயப் பாத்து நானே மாட்டிக்கிடுதேன்" என்று நான்கையும் தன் லயத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் போட்டுக்கொண்டார். அந்த வருடம் சரியாக மழைக்கு இரண்டு நாள் முன்னால் மாட்டினார். அடுத்த வருடமும் அப்படியே. ஓட்டுகிறவரிடமே விட்டுவிட்டால் முடிந்துபோகிற காரியம். அதற்குள் ஒரு பெண்ணின் படிப்பு போயிருந்தது.

மறுவருடம் ஸ்டெல்லாவுக்கு நர்சிங் கிடைக்கவில்லை. லேப் டெக்னீஷியன் படித்தாள். இப்போது தேனிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் போன் பண்ணுவாள். ஒரு தடவை பேச்சுவாக்கில், "நர்சிங் கெடச்சிருந்தா இந்நேரம் வெளிநாட்டுல இருந்திருப்பேன்லக்கா" என்று சிரித்தாள். அவள் சிரித்தாள். எனக்கு இன்னும் முடியவில்லை.

சாதிக்கிடம் அன்றைக்கே டயரை மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் முன்பு தங்கை மகள் கல்யாணத்துக்கு மலையேறியபோது, திரும்பும் வழியில் தோட்டத்துப் பக்கம் காரை விட்டேன். மழை தொடங்க வேண்டிய எடவப்பாதி கழிந்து நாளாகியும் ஒரு சொட்டு மழை இல்லை. இப்போதெல்லாம் அது நினைத்தபோது வருகிறது, வந்தால் மலையையே இழுத்துக்கொண்டு இறங்குகிறது. அந்தோணி அண்ணன் இருந்தால் என்ன சொல்வார் என்று கேட்க வழியில்லை. ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்துவிட்டுத் தென்காசிக்குப் போனார், அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

மூன்று கிலோமீட்டரும் கான்கிரீட். மேட்டை வெட்டிச் சமமாக்கியிருந்தார்கள், எது எந்த இடம் என்றே தெரியவில்லை. ஸ்டோரும் லயமும் இருந்த இடத்தில் ஒரு ரிசார்ட்டின் பெரிய இரும்புக் கேட். காவலுக்கு நின்ற இளைஞன் மரியாதையாக, "புக்கிங் உண்டோ?" என்று கேட்டான். முன்பு இங்கே வேலை பார்த்தேன் என்றேன். "சாரி அம்மா" என்றான்.

முன்பெல்லாம் அந்த இடத்தில் ஜீப்பைத் திருப்ப வேண்டுமென்றால் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் இறங்குவார்கள். ஒருவர் கல் வைப்பார், ஒருவர் பள்ளத்தின் விளிம்பில் நிற்பார், வேலிக்கு அப்பாலிருந்துகூட யாராவது "வரட்டும், வரட்டும், நேரே விடுங்க" என்று குரல் கொடுப்பார்கள். இப்போது இடம் தாராளமாக இருந்தது. ஒரே ஒடிப்பில் கார் திரும்பிவிட்டது.